கரீபியன் ஹாட் சாஸ்: எந்தத் தீவு, எந்த பாட்டில், எதற்குத் தொட்டுக்கொள்ள?

கேள்வி, 2 மார்ச் 2024

"ட்ரினிடாட் ஸ்கார்ப்பியன் என்று போட்ட சாஸ் ஒரு பாட்டில் வாங்கி, தோசைக்கு ஊற்றிச் சாப்பிட்டேன். அரை மணி நேரம் காது வழியாகப் புகை வந்தது. ருசி என்று ஒன்றும் தெரியவில்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கரீபியன் ஹாட் சாஸ் என்பதே வீம்புக்குச் சாப்பிடுகிற சமாச்சாரம், நம் ஊர் வரமிளகாய்ச் சட்னி பக்கத்தில்கூட வராது என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்."

3 மார்ச், காலை

பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். ஸ்கார்ப்பியன் பாட்டில்களில் முக்கால்வாசி வீம்புக்குத்தான். மிளகாய் என்னவோ ட்ரினிடாடுடையதுதான், தீவின் தெற்கே இருக்கும் மொருகாவின் பெயரைச் சுமக்கிறது. 2012-ல் நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகத்து மிளகாய் ஆய்வு நிலையத்தில் அந்த மொருகா ஸ்கார்ப்பியனை விளைவித்து அளந்தபோது சராசரி 12 லட்சம் ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) வந்தது, சில பழங்கள் 20 லட்சத்தைத் தாண்டின. அப்புறம் என்ன, ஆளாளுக்கு மண்டையோடு படம் போட்டு பாட்டில் அடிக்க ஆரம்பித்தார்கள்.

வேலை விஷயமாக நான் ட்ரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருந்த காலத்தில் பழகிய வீடுகளில் அந்த மாதிரி பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் பார்த்ததே இல்லை. மேஜையில் இருந்தது பழைய ஜாம் பாட்டிலில் அடைத்த வீட்டுச் சாஸ். மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகியிருப்பார்கள், வினிகர் பட்டால் தகர மூடி துருப்பிடித்துவிடும் என்பதால். அதற்குள் இருக்கும் மிளகாய் ஸ்காட்ச் பானட் அல்லது அதன் பங்காளி வகை, ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் ஸ்கோவில். அதுவே நம் குண்டு மிளகாயைப் பல மடங்கு தாண்டிவிடும். அதற்கு மேல் போவதெல்லாம் பந்தயம்.

3 மார்ச், இரவு

காலையில் அவசரத்தில் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். ஸ்காட்ச் பானட்டை அங்கே காரத்துக்காக மட்டும் யாரும் வாங்குவதில்லை, வாசனைக்காகவும்தான் வாங்குகிறார்கள். ஒரு பழத்தைக் குறுக்கே அறுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்து முகர்ந்து பாருங்கள். நன்றாகப் பழுத்த மாம்பழத்தில் காம்புப் பக்கம் ஒரு வாசனை அடிக்குமே, கிட்டத்தட்ட அது. நம் வரமிளகாய் வேறு இனம், காய்ந்து எண்ணெயில் வறுபட்டால்தான் மணக்கும். இது பச்சையாகவே மணக்கிற சாதி. அதனால்தான் தீவுகளில் இதை உலர்த்திப் பொடி பண்ணுவதைவிட வினிகரிலோ கடுகிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு வைப்பதே வழக்கம்.

தோசைக்கு ஊற்றினால் என்ன ஆகும்? மாவின் புளிப்போடு வினிகரின் புளிப்பு மோதும், வாசனை அடிபட்டுப் போகும், காரம் மட்டும் தனியாக நிற்கும். நீங்கள் சட்னி அளவுக்கு ஊற்றியிருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. இது ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்கிற பண்டம். தட்டின் ஓரத்தில் ஒரு கால் ஸ்பூன், ஒவ்வொரு வாய்க்கும் நுனியில் தொட்டுக்கொண்டால் போதும்.

5 மார்ச்

ட்ரினிடாட் சாஸை எதோடு சாப்பிடுவது என்று கேட்டவருக்கு ஒரே பதில்தான்: டபுள்ஸ். மஞ்சள் போட்டுப் பொரித்த மெத்தென்ற இரண்டு பாரா ரொட்டி, நடுவில் தளதளவென்று கொண்டைக்கடலைக் கறி, மேலே வெள்ளரித் துருவல், புளிச் சட்னி, மாங்காய்த் துருவலில் செய்த குச்சேலா, கடைசியில் மிளகாய்ச் சாஸ். எண்ணெய்த் தாளில் வைத்து இரண்டு முனையையும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றிக் கையில் கொடுப்பார்கள். 1930-களில் பிரின்சஸ் டவுன் பக்கம் இமாமுல் தீன் என்பவர் விற்க ஆரம்பித்ததாகச் சரித்திரம். 1845-ல் ஃபட்டேல் ரசாக் கப்பலில் தொடங்கி வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகள் செய்த பண்டம். பெரும்பாலோர் போஜ்பூரிப் பக்கத்து ஆட்கள், சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள் கொஞ்சம்.

வண்டி முன்னால் நின்றதும் "ஸ்லைட்" என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் காரம் என்று அர்த்தம். அந்தக் கொஞ்சத்துக்கே எனக்கு முதல் நாள் மூக்கு ஒழுகியது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்ற பையன் "ஹெவி" வாங்கிக்கொண்டு தாளை நக்கிவிட்டுப் போனான்.

கியூரிப் சந்திப்பில் காலை ஆறரைக்கே வரிசை நிற்கும். நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். உட்கார்ந்து முள்கரண்டியால் டபுள்ஸ் சாப்பிடுகிறவர்களை என்ன சொல்வது.

5 மார்ச், பத்து நிமிடம் கழித்து

அதே ஊரில் மதர் இன் லா என்றும் ஒரு தொக்கு உண்டு. கேரட், பாகற்காய், ஸ்காட்ச் பானட் எல்லாம் பொடியாக நறுக்கிப் போட்டது. விளக்கம் வேண்டுமா? கல்யாணம் ஆனவர்களுக்குத் தேவைப்படாது.

8 மார்ச்

பார்படோஸ் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. என்னைக் கேட்டால் எல்லாத் தீவுகளிலும் ஒரே ஒரு சாஸ்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் பார்படோஸ் மஞ்சள் சாஸைத்தான் சொல்வேன். கடுகு விழுது, மஞ்சள், வெங்காயம், வினிகர், ஸ்காட்ச் பானட். பார்க்க மாம்பழக் கூழ் நிறம். கடுகு மூக்கில் ஏறும், மிளகாய் நாக்கில் உட்காரும், இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காது. தமிழ் நாக்குக்கு இது ஏன் சட்டென்று பிடிக்கிறது என்று யோசித்தால், மஞ்சளும் கடுகும் புளிப்பும் நமக்குத் தெரியாத கூட்டா என்ன, ஆவக்காய் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு?

மீனோடுதான் இது சேரும். சோளமாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிளறிய கூ-கூவும் பறக்கும் மீனும் அந்த ஊர்த் தேசிய உணவு, ஓரத்தில் இந்த மஞ்சள் சாஸ். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆய்ஸ்டின்ஸ் கடற்கரையில் மீன் வறுவல் கடைகள் திருவிழா மாதிரி இருக்கும், மேஜைக்கு மேஜை இதே பாட்டில்தான். இரண்டு மீன் கேக்கை உப்பு ரொட்டிக்குள் வைத்து பிரெட் அண்ட் டூ என்று விற்பார்கள், அதற்குள் ஒரு கோடு சாஸ் இழுத்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. அப்புறம் மக்கரோனி பை. பாலாடைக்கட்டி போட்டு அடுப்பில் சுட்டு எடுக்கும் மக்கரோனி, திகட்டுகிற அளவுக்குக் கொழுப்பு. சாஸ் இல்லாமல் அதை நான் தொடுவதில்லை.

கடையில் வாங்குவதென்றால் விண்ட்மில். செயின்ட் லூசியாவின் பேரன் பிராண்டிலும் இதே கடுகு வகை உண்டு. காரத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் கடுகு தூக்கலாக இருப்பதாக எனக்குத் தோன்றும்.

9 மார்ச்

பட்டியலில் டபாஸ்கோவைச் சேர்த்தவருக்கு: அது லூசியானாவில் ஏவரி தீவில் 1868-லிருந்து தயாராகிறது. தீவு என்ற பெயரைப் பார்த்துவிட்டுக் கரீபியனில் தள்ளிவிட்டீர்கள் போல. காரமும் 2,500 முதல் 5,000 ஸ்கோவில்தான். நல்ல சாஸ்தான், முட்டைக்குப் போட்டுச் சாப்பிடுங்கள். இந்தச் சண்டையில் அதற்கு இடமில்லை.

10 மார்ச்

ஜமைக்கா. இங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஜமைக்காவின் மிகப் பிரபலமான பாட்டில் கார சாஸே இல்லை. பிக்காபெப்பா, கிளி படம் போட்டது, மான்செஸ்டர் மாவட்டத்தில் ஷூட்டர்ஸ் ஹில் என்ற இடத்தில் 1921-லிருந்து செய்கிறார்கள். தக்காளி, வெங்காயம், கரும்பு வினிகர், மாம்பழம், திராட்சை, புளி, மசாலா எல்லாம் போட்டு ஓக் பீப்பாயில் ஒரு வருஷம் ஊற வைப்பது. கருப்பாக, இனிப்பும் புளிப்புமாக, பின்னால் கொஞ்சம் உறைப்பு. புளி இஞ்சி சாப்பிட்டவர்கள் முதல் சொட்டிலேயே சிநேகமாகிவிடுவார்கள். அமெரிக்காவில் கிரீம் சீஸ் கட்டி மேல் இதை ஊற்றிப் பிஸ்கட்டில் தடவிச் சாப்பிடுகிறார்கள், விருந்தில் முதலில் காலியாகும் தட்டு அதுதான்.

நிஜமான காரம் வேண்டுமென்றால் கிரேஸ் ஸ்காட்ச் பானட் சாஸ், அல்லது வாக்கர்ஸ்வுட் ஜெர்க் விழுது, அதாவது கறியில் பூசும் கார மசாலா. ஜெர்க்கை மேஜையில் வைத்துத் தொட்டுக்கொள்ளக் கூடாது, கறியில் பூசி ராத்திரி முழுக்க ஊற வைத்துச் சுட வேண்டும். பிமெண்டோ (ஆல்ஸ்பைஸ்) மரக்கட்டையின் புகையில் சுட்டால்தான் முழு ருசி. அதற்கு போர்ட்லண்ட் மாவட்டத்து பாஸ்டன் பே வரைக்கும் போக வேண்டும்.

ஆனால் ஜமைக்கா வீடுகளில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் பாட்டில் சம்பந்தப்பட்டதே இல்லை. தேங்காய்ப்பாலில் அரிசியும் பயறும் வேகும்போது ஒரு முழு ஸ்காட்ச் பானட்டைக் கீறாமல், காம்போடு, மேலாக மிதக்க விடுவார்கள். அடுப்பு மிதமாக எரிய வேண்டும், கரண்டியை அந்தப் பக்கம் கொண்டு போகக் கூடாது. சோறு வெந்ததும் காம்பைப் பிடித்து அலுங்காமல் எடுத்துவிடுவார்கள். வாசனை முழுவதும் சோற்றில் இறங்கியிருக்கும், காரம் மட்டும் பழத்துக்குள்ளேயே நின்றுவிடும். நடுவில் வெடித்துவிட்டால் அன்றைக்குக் குழந்தைகளுக்கு ரொட்டிதான்.

இந்த வித்தையைச் சொதி, அவியல், தேங்காய்ப்பால் புலாவில் செய்து பாருங்கள். அதற்கப்புறம் வந்து வீம்பு என்று சொல்லுங்கள்.

14 மார்ச்

வீட்டில் செய்வது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ட்ரினிடாட் முறை, பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தது. இப்போது நான் இருக்கும் கனடாவின் ஸ்கார்பரோவில் ட்ரினிடாடுக்காரர்களும் கயானாக்காரர்களும் யாழ்ப்பாணத்து ஆட்களும் ஒரே கடைத்தெருவில்தான் காய் வாங்குகிறோம், அதனால் சாமானுக்குப் பஞ்சமில்லை.

பத்துப் பன்னிரண்டு ஸ்காட்ச் பானட், கை அகலத் துண்டு பப்பாளிக்காய், ஆறு பல் பூண்டு, ஒரு பிடி ஷாடோ பெனி. நீளமாக, ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் இலை அது, வாசனை மல்லித்தழைதான், ஆனால் நாலு பங்கு தூக்கல். அது இல்லையென்றால் மல்லித்தழையைத் தண்டோடு போடுங்கள். பப்பாளிக்காயைத் துண்டு போட்டு ஒரு கொதி கொதிக்க வைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு கப் வினிகர், ஒரு மேஜைக்கரண்டி கடுகு விழுது, இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை சேர்த்து அரையுங்கள். மைய அரைக்க வேண்டாம், ரவை பதம் போதும். பப்பாளிக்காய் எதற்கு என்றால் கனத்துக்கு. சாஸ் தண்ணீராக ஓடாமல் பாராவின் மேல் நிற்க வேண்டும்.

அரைத்த அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத் திட்டாதீர்கள். அன்றைக்குப் பூண்டு பச்சையாகக் கத்தும். ஒரு வாரம் குளிர்பெட்டியில் இருந்தால் எல்லாம் அடங்கி ஒன்றாகிவிடும்.

15 மார்ச்

எச்சரிக்கைகளை நேற்றே எழுதியிருக்க வேண்டும். கையுறை போடுங்கள். மிக்ஸி மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், அந்த ஆவி நேரே தொண்டையில் இறங்கி இருமல் நிற்காது. ஜன்னல் திறந்திருக்கட்டும். கண்ணில் லென்ஸ் வைக்கிறவர்கள் வேலைக்கு முன்னாலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கை எரிந்தால் வெறும் தண்ணீரில் கழுவிப் பிரயோஜனமில்லை, காரச்சத்து எண்ணெயில்தான் கரையும். முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாய் எரிந்தாலும் அதே கதைதான். தண்ணீர் குடித்தால் காரம் வாய் முழுக்கப் பரவும். பால், தயிர், மோர் பலன் தரும், பால் புரதம் அந்தச் சத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். சூடான காபி குடிக்காதீர்கள். சூட்டை உணர்கிற அதே நரம்பு வாசலைத்தான் மிளகாயும் தட்டுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டபுள்ஸ் கொதிக்கக் கொதிக்க இருந்தால் "ஸ்லைட்" கூட "ஹெவி" ஆகிவிடுவது இதனால்தான்.

விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடும் என்று எழுதியவருக்கு: காரம் சுரப்பது விதையைத் தாங்கி நிற்கும் வெள்ளைச் சதையில். விதைக்கு அது ஒட்டுவாரொட்டி. வெள்ளையைச் சுரண்டி எடுங்கள், விதை தானாகக் கூடவே வந்துவிடும்.

19 மார்ச்

வினிகர் பிடிக்காதவர்கள் பிரெஞ்சுப் பக்கம் போகலாம். குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் சோஸ் ஷியான்: வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி, தைம், மிளகாய் எல்லாம் பொடியாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் விட்டு, கடைசியில் ஒரு கரண்டி கொதிநீரை ஊற்ற வேண்டும். நீர் பட்டவுடன் இலைகளிலிருந்து கிளம்பும் வாசனைதான் இதன் உயிர். அன்றைக்குச் செய்து அன்றைக்கே தீர்க்க வேண்டியது, சுட்ட மீன் மேல் தாராளமாக ஊற்றலாம்.

அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் உறவு உண்டு. மார்த்தினிக்குக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளைக் கப்பலேற்ற ஆரம்பித்தார்கள், புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்றைக்கும் அங்கே கொலம்போ என்று ஒரு மசாலாப் பொடி வீட்டுக்கு வீடு இருக்கிறது: மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு. பொடியில் மிளகாய்க் காரம் பெரிதாக இருக்காது. வேண்டியவர்கள் மிளகாயைத் தனியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆட்டுக்கறி கொலம்போவும் பக்கத்தில் மிளகாய் விழுதும் வைத்துக் கொடுத்தால் காரைக்கால்காரர் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்.

ஹைட்டி பற்றியும் ஒரு வரி. பிக்லீஸ் என்பது முட்டைக்கோசும் கேரட்டும் ஸ்காட்ச் பானட்டும் வினிகரில் ஊறியது, கறுக் மொறுக்கென்று இருக்கும். பொரித்த பன்றிக்கறியோடும் தட்டிப் பொரித்த வாழைக்காயோடும் சாப்பிடுவார்கள். நான் அதைப் பருப்பு வடையோடு சாப்பிடுகிறேன், யாருக்கும் ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.

20 மார்ச்

பருப்பு வடைக்கு ஆட்சேபணை வந்தது. நிராகரிக்கப்பட்டது.

24 மார்ச்

"கரீபியன் என்றாலே காரம்" என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். கியூபாவிலும் டொமினிகன் குடியரசிலும் அன்றாடச் சமையலில் காரம் கிடையாது. அங்கே போடுவது வாசனை மட்டும் தரும் குட்டி மிளகாய். ஹைட்டியும் டொமினிகனும் ஒரே தீவின் இரண்டு பாதி. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிக்லீஸ், அந்தப் பக்கம் ஒரு சொட்டு உறைப்பு இல்லாத பீன்ஸ் சோறு. இத்தனைக்கும் 1493 ஜனவரியில் கொலம்பஸ் மிளகாயைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதியது அந்தத் தீவில்தான். நம் குழம்புக்கு மிளகாய் வந்த பாதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புவர்ட்டோ ரிக்கோவும் மிதம்தான், ஆனால் மேஜையில் பீகே பாட்டில் நிற்கும். வினிகரில் முழு மிளகாய், பூண்டு, மிளகு, சில வீடுகளில் அன்னாசித் தோல். தீரத் தீர வினிகரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சோம்பேறிகளுக்கு ஏற்ற சாஸ், நான் ஒரு பாட்டிலை வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன்.

பெலீஸ் தீவு இல்லை, தெரியும், கரை மட்டும்தான் கரீபியன். இருந்தாலும் மேரி ஷார்ப்ஸை விட முடியாது. கேரட்டை அடிப்படையாக வைத்து ஹபனேரோ மிளகாயில் செய்த சாஸ், 1980-களில் அந்தம்மாள் தன் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது. முதலில் மெலிண்டாஸ் என்ற பெயரில் விற்றார். அமெரிக்க விநியோகஸ்தரிடம் அந்தப் பெயர் போய்விட்டது, அப்புறம் தன் பெயரையே பாட்டிலில் ஒட்டினார். உப்புமாவுக்குத் தொட்டுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வெளிநாட்டுச் சாஸ் எனக்குத் தெரிந்து இல்லை. கேரட்டின் லேசான இனிப்பு ரவைக்கு ஒத்துப்போகிறது.

30 மார்ச்

நம் சாப்பாட்டோடு எது சேரும் என்று பலர் கேட்டதால் என் கணக்கு. மஞ்சள் கடுகுச் சாஸ்: வஞ்சிரம் வறுவல், முட்டை ஆம்லெட், தயிர்சாதத்தின் ஓரம். ட்ரினிடாட் சாஸ்: பஜ்ஜி, போண்டா, சுண்டல். எண்ணெயும் பயறும் இருக்கும் இடமெல்லாம் அதற்கு மாமியார் வீடு. பிக்காபெப்பா: பரோட்டாவுக்குள் முட்டை வைத்துச் சுருட்டும்போது. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு பக்கம் எதையும் கொண்டு போகாதீர்கள், அங்கே ஏற்கெனவே புளி உட்கார்ந்திருக்கிறது, வினிகருக்கு நாற்காலி கிடையாது.

ஸ்காட்ச் பானட் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? இலங்கையில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை, நை மிரிஸ் அதே இனத்து மிளகாய்தான், வாசனையும் நெருங்கி வரும். தமிழ்நாட்டில் காந்தாரி மிளகாயில் செய்யலாம். காரம் வரும், பழ வாசனை வராது. அதை ஈடுகட்ட அரைக்கும்போது ஒரு துண்டு பழுத்த மாம்பழம் சேர்க்கச் சிலர் சொல்கிறார்கள். செய்து பார்த்தேன், இனிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. மாம்பழத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவிப் போட்டது தேவலாம்.

6 ஏப்ரல்

ட்ரினிடாடிலிருந்து திரும்பும்போது கொண்டு வரலாமா என்று கேட்டவருக்கு: கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். முத்திரையிட்ட கடை பாட்டில் என்றால் பயமில்லை. வீட்டுச் சாஸ் என்றால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், மேலே போனதும் காற்றழுத்தம் குறைந்து மூடி வழியாகக் கசியும். மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, இரண்டு பையில் போட்டு, பழைய துண்டில் சுருட்டுங்கள். வேட்டிக்கு நடுவில் வைக்காதீர்கள், மஞ்சள் கறை வெளுப்புக்கும் மசியாது.